முற்றதிகார ஆட்சிகளை ஒப்பிடுவது எப்படி? வரலாறு படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"ஸ்டாலின் காலச் சோவியத் ஒன்றியம் முற்றதிகார ஆட்சியா?" என்ற கேள்வி தேர்விலோ கருத்தரங்கிலோ வந்தால் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். எங்கிருந்தாவது ஒரு அம்சப் பட்டியலைத் தேடி எடுப்பார்கள். ஒவ்வொன்றாக டிக் போடுவார்கள். ஆறில் ஐந்து பொருந்திவிட்டால் "ஆம்" என்று எழுதி முடிப்பார்கள். விடையில் தவறு இருக்காது. ஆனால் எழுதி முடித்த பிறகும் அந்த ஆட்சியைப் பற்றி எழுதியவருக்கே புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

வரலாற்றாய்வாளர்கள் இந்தக் கருத்தை வைத்து வேறொரு வேலை செய்கிறார்கள். ஒரு ஆட்சி எதையெல்லாம் தன் பிடிக்குள் கொண்டுவர நினைத்தது, உண்மையில் எதுவரை கை எட்டியது, எட்டாத இடத்தில் என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். நோக்கத்துக்கும் எட்டலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளப்பதுதான் இந்தத் துறையின் உண்மையான வேலை என்பது என் கருத்து. கீழே உள்ள படிகளெல்லாம் அதற்காகத்தான்.

முதலில் சொற்களை நிலைப்படுத்திக்கொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் டோட்டலிடேரியனிசம் என்பதை முற்றதிகாரம் என்று எழுதுகிறேன். அந்த அளவுக்குப் போகாத, ஆனால் ஜனநாயகமும் இல்லாத ஆட்சியை எதேச்சாதிகாரம் என்கிறேன். இரண்டுக்கும் பொதுவாகச் சர்வாதிகாரம். நீங்கள் வேறு சொற்களை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டுக் கடைசிவரை மாற்றாதீர்கள்.

அப்புறம், இந்தக் கருத்து எங்கே பிறந்தது என்று தெரிந்துகொள்வது அவசியம். இது பல்கலைக்கழகத்தில் பிறக்கவில்லை. 1923 மே மாதம் இத்தாலியில் ஜோவான்னி அமெண்டோலா என்ற தாராளவாத அரசியல்வாதி, பாசிஸ்டுகள் உள்ளாட்சித் தேர்தல்களில் பெரும்பான்மைக்கான வேட்பாளர் பட்டியலையும் சிறுபான்மைக்கான பட்டியலையும் தாங்களே போட்டு இரண்டையும் பிடித்துக்கொண்டதைக் கண்டித்து எழுதினார். அந்த முறையைத்தான் அவர் 'முற்றதிகார' முறை என்றார். அதாவது எதிர்க்கட்சிக்கான இடத்தையும் ஆளும் கட்சியே எடுத்துக்கொள்வது. 1925-ல் பாசிஸ்டுகள் அவரை அடித்துப் போட்டார்கள். 1926-ல் பிரான்சில் இறந்துபோனார். வசைச்சொல்லாகத் தொடங்கியதை முசோலினி 1925-லேயே பெருமையாக எடுத்துக்கொண்டு, தன் இயக்கத்தின் மூர்க்கமான முற்றதிகார விருப்பத்தைப் பற்றி மேடையில் பேசினார். அதே ஆண்டு அக்டோபரில், எல்லாம் அரசுக்குள், அரசுக்கு வெளியே எதுவுமில்லை, அரசுக்கு எதிராக எதுவுமில்லை என்றும் அறிவித்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தன்னை முற்றதிகாரம் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட இத்தாலிதான் அந்த இலக்கணத்துக்கு மிகக் குறைவாகப் பொருந்துகிறது என்று பிற்கால ஆய்வாளர்கள் பலர் சொன்னார்கள். ஆக, ஒரு ஆட்சி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை அப்படியே ஏற்கக் கூடாது, உதறிவிடவும் கூடாது. அது நோக்கத்துக்கான சான்று. எட்டலுக்கான சான்று வேறு இடத்தில் கிடைக்கும்.

மூன்று அளவுகோல்களையும் படியுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாரும் ஒரே வரையறையைப் பயன்படுத்துவதில்லை. புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1951-ல் முன்வைத்தது. அவருக்கு முற்றதிகாரத்தின் உயிர் இரண்டு இடத்தில் இருக்கிறது: சித்தாந்தம், பயங்கரம். வழக்கமான கொடுங்கோலன் எதிரிகளை ஒழித்ததும் ஓய்வான். முற்றதிகார ஆட்சியோ எதிரிகள் ஒழிந்த பிறகுதான் உச்ச வேகம் எடுக்கிறது என்றார். வரலாற்றின் விதி அல்லது இயற்கையின் விதி என்று தான் நம்பும் ஒன்றை நிறைவேற்ற, குற்றமே செய்யாத மனிதர்கள் வகைவகையாகக் குறிவைக்கப்படுகிறார்கள். வதைமுகாம்தான் இதன் மைய நிறுவனம். வர்க்கம், சங்கம், ஊர் என்ற பிணைப்புகள் அறுந்து தனித்தனியாகச் சிதறிய மனிதர்கள்தான் இதன் அடித்தளம். இந்த அளவுகோல் மிகக் கடுமையானது. இதன்படி ஹிட்லரின் ஜெர்மனியும், சுமார் 1930-க்குப் பிந்தைய ஸ்டாலின் ஆட்சியும் மட்டும்தான் முழுமையாகத் தேறுகின்றன. 1938 வரையிலான முசோலினி ஆட்சியை அவர் சாதாரண தேசியவாதச் சர்வாதிகாரம் என்று ஒதுக்கிவிட்டார்.

இரண்டாவது, அரசியல் அறிஞர்கள் கார்ல் ஃபிரீட்ரிக், ஸ்பிக்னியூ பிரெஜின்ஸ்கி இருவரும் 1956-ல் கொடுத்த ஆறு அம்சங்கள். வாழ்வின் எல்லாவற்றையும் தழுவும் அதிகாரபூர்வ சித்தாந்தம், பெரும்பாலும் ஒரே தலைவரின் கீழ் இயங்கும் ஒற்றை வெகுஜனக் கட்சி, பயங்கரத்தைக் கருவியாகக் கொண்ட காவல் அமைப்பு, தகவல் தொடர்பில் ஏகபோகம், ஆயுதங்களில் ஏகபோகம், மையத்திலிருந்து இயக்கப்படும் பொருளாதாரம். நம் புதியவர் தேடி எடுக்கும் பட்டியல் இதுதான். எளிதாக இருப்பதுதான் இதன் பலமும் பலவீனமும். ஆயுத ஏகபோகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய எல்லா நவீன அரசுகளுக்கும் அது உண்டு, ஜனநாயகங்களுக்கும் சேர்த்து. பொருளாதார அம்சமோ நாஜி ஜெர்மனியில் தடுமாறுகிறது. 1936-ல் நாஜி அமைச்சர் கோரிங்கின் நான்காண்டுப் பொருளாதாரத் திட்டம் வந்தது உண்மை. ஆனால் தொழிற்சாலைகள் பெரும்பாலும் தனியார் கையிலேயே இருந்தன. அதைவிடப் பெரிய சிக்கல், இந்தப் பட்டியல் ஒரு நிழற்படம் போல நின்றுபோன காட்சியைத்தான் காட்டும். ஆட்சி எப்படி உருவானது, எப்படி மாறியது, எப்படி முடிந்தது என்பதற்கு அதில் இடமில்லை.

மூன்றாவது ஹுவான் லின்ஸ். இவர் ஸ்பெயின்காரர், ஃபிராங்கோவின் ஆட்சியை எந்தப் பெட்டியில் போடுவது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினார். ஃபிராங்கோவின் ஸ்பெயின் ஜனநாயகம் இல்லை, அதே சமயம் ஹிட்லரின் ஜெர்மனி போலவும் இல்லை. 1964-ல் அவர் எதேச்சாதிகாரம் என்பதைத் தனி வகையாகப் பிரித்தார். அங்கே வரம்புக்குட்பட்ட பன்மை உண்டு: திருச்சபை, ராணுவம், முதலாளிகள் எல்லாருக்கும் ஓரளவு சொந்த இடம் இருக்கும். தீட்டி வைத்த சித்தாந்தத்துக்குப் பதில் பொதுவான மனப்பாங்கு இருக்கும். மக்களைத் தெருவுக்கு இழுத்துத் திரட்டுவதைவிட வீட்டில் சும்மா இருக்கச் சொல்வதையே ஆட்சி விரும்பும். முற்றதிகாரத்தில் இந்த மூன்றும் தலைகீழ். பிற்பாடு 1996-ல் ஆல்ஃபிரட் ஸ்டெபனோடு சேர்ந்து, முற்றதிகாரத்துக்குப் பிந்தைய ஆட்சி என்றும், ஆள்பவரின் சொந்தச் சொத்துபோல நாடு நடக்கும் சுல்தானிய ஆட்சி என்றும் மேலும் வகைகள் பிரித்தார்கள்.

முதல் முறை எழுதுபவருக்கு லின்ஸை நான் பரிந்துரைப்பேன். அவருடைய மூன்று அளவுகளும், அதாவது பன்மை, சித்தாந்தம், திரட்டல் ஆகியவை, கூடலாம் குறையலாம். ஆகவே "எவ்வளவு?" என்று கேட்க முடியும். அரெண்டின் அளவுகோல் ஆழமானது. ஆனால் தனிமை, சிதறல் போன்றவற்றுக்கு ஆவணச் சான்று காட்டுவது அனுபவசாலிகளுக்கே சிரமம்.

நாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள், காலத்துண்டைத் தேர்ந்தெடுங்கள்

"சோவியத் ஒன்றியம்" என்பது 1922 முதல் 1991 வரை நீண்ட ஒன்று. லெனினின் புதிய பொருளாதாரக் கொள்கை காலமும், ஸ்டாலினின் பயங்கரம் உச்சத்தில் இருந்த 1937-ம், பிரெஷ்னெவ் காலத்து மந்தமும் ஒரே ஆட்சி அல்ல. சில எண்களைப் பாருங்கள். ஸ்டாலின் இறந்தபோது, 1953 தொடக்கத்தில், குலாக் எனப்பட்ட கட்டாய உழைப்பு அமைப்பின் முகாம்களிலும் காலனிகளிலும் சேர்த்து 24 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர் இறந்த அதே மார்ச் மாதம் வந்த பொதுமன்னிப்பில் 10 லட்சத்துக்கும் மேல் விடுதலை ஆனார்கள். எதிர்த்திசையில் ஜெர்மனி: 1935-ல் நாஜி வதைமுகாம்களில் இருந்தவர்கள் 4,000-க்கும் குறைவு, 1945 ஜனவரியில் 7 லட்சத்துக்கும் மேல். 1935-ஐ வைத்து எழுதினால் ஒரு முடிவு வரும், 1945-ஐ வைத்து எழுதினால் வேறு முடிவு வரும். இரண்டிலும் 'நாஜி ஜெர்மனி' என்றே பெயர் இருக்கும்.

தலைப்பில் ஆண்டைப் போட்டுவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

நோக்கம் ஒரு பத்தி, எட்டல் இன்னொரு பத்தி

இந்தப் படியில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் ஆட்சி உரிமை கொண்டாடியது. வலப்பக்கம் நடந்தது.

இத்தாலியை எடுத்தால் இடப்பக்கம் முசோலினியின் முழக்கங்கள் வரும், 1926-ல் அரசியல் குற்றங்களுக்கென அமைத்த சிறப்புத் தீர்ப்பாயம் வரும், குழந்தைகளிலிருந்து தொடங்கும் இளைஞர் அமைப்புகள் வரும். வலப்பக்கம்? அரசர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் அரியணையில் அப்படியே இருந்தார். 1929-ல் லாத்தரன் உடன்படிக்கை மூலம் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனி இடம் உறுதியானது. கடைசியில் 1943 ஜூலை 25 அதிகாலையில் பாசிஸ்ட் பெருமன்றமே முசோலினிக்கு எதிராக வாக்களித்தது, அதே நாளில் அரசர் அவரைப் பதவி நீக்கிக் கைது செய்ய வைத்தார். ஒரு முற்றதிகாரத் தலைவரைச் சட்டப்படி வேலையிலிருந்து நீக்க ஆள் இருந்தது என்பதே நிறையச் சொல்லிவிடுகிறது. ஆனால் எமிலியோ ஜென்டிலே என்ற இத்தாலிய வரலாற்றாய்வாளர் இதோடு நிறுத்தக் கூடாது என்கிறார். முற்றதிகாரத்தை முடிந்துபோன கட்டடமாகப் பார்க்காமல், நடந்துகொண்டிருந்த சோதனையாகப் பாருங்கள். எந்த முற்றதிகாரமும் முழுமை அடைந்ததில்லை, ஆகவே இத்தாலியை மட்டும் அந்தக் காரணத்துக்காக விலக்குவது நியாயமில்லை என்பது அவர் வாதம். எனக்கு இந்த வாதம் வலுவாகவே படுகிறது. இதை ஏற்றால் கேள்வி "முற்றதிகாரமா இல்லையா" என்பதிலிருந்து "எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போனது" என்பதற்கு நகர்ந்துவிடும்.

ஜெர்மனியில் வலப்பக்கம் இன்னும் சிக்கலானது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே தலைவர், ஒரே கட்டளை. உள்ளே போனால் கட்சி, ராணுவம், அதிகாரவர்க்கம், பெருந்தொழில் என்று நான்கு அதிகார மையங்கள் முட்டிக்கொள்வதை ஃப்ரான்ஸ் நியூமன் போர் நடக்கும்போதே, 1942-ல் எழுதிக் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு எர்ன்ஸ்ட் ஃப்ரெங்கல், அங்கே இரண்டு அரசுகள் ஒன்றோடொன்று ஒட்டி இயங்குவதாகச் சொன்னார்: ஒன்று ஒப்பந்தங்களையும் சொத்துரிமையையும் வழக்கம்போலச் சட்டப்படி காக்கும், இன்னொன்று அரசியல் என்று தான் கருதும் எதிலும் சட்டத்தைத் தூக்கி எறியும். இருவருமே ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதச் சட்டத்தரணிகள். 1960-களின் கடைசியிலிருந்து மார்ட்டின் ப்ரோஸாட், ஹான்ஸ் மொம்சன் போன்றவர்கள் இதை இன்னும் தள்ளிக்கொண்டு போனார்கள். ஹிட்லர் பல விஷயங்களில் பலவீனமான சர்வாதிகாரி என்றுகூட மொம்சன் சொன்னார்.

அப்படியானால் இவ்வளவு குழப்பத்திலும் அந்த ஆட்சி ஏன் மென்மேலும் கொடூரமானது? இதற்கு இயன் கெர்ஷா 1993-ல் கொடுத்த விளக்கம்தான் இன்றுவரை பரவலாக ஏற்கப்படுகிறது. 1934-ல் ஒரு நாஜி வேளாண்மை அதிகாரி தன் உரையில், தலைவர் எல்லாவற்றையும் மேலிருந்து ஆணையிட முடியாது, அவர் விரும்புவார் என்று தோன்றும் திசையில் நாமே உழைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். கெர்ஷா அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். கட்டளைக்குக் காத்திராமல், தலைவரின் விருப்பத்தை ஊகித்து ஒருவரையொருவர் முந்தப் பார்த்த அதிகாரிகள்தான் தீவிரத்தை ஏற்றினார்கள். கட்டுப்பாடு குறைந்த இடத்தில் கொடூரம் குறையவில்லை, கூடியது. பட்டியலில் டிக் போடுகிறவர் இதைப் பார்க்கவே மாட்டார்.

எட்டலை அளக்க எனக்குப் பிடித்த உதாரணம் சோவியத் நாட்டின் 1937 ஜனவரி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதில் மத நம்பிக்கை பற்றி ஒரு கேள்வி இருந்தது. தேவாலயங்களை மூடி, பாதிரிமாரைச் சிறையிட்டு, 20 ஆண்டுகள் நாத்திகப் பிரச்சாரம் செய்த பிறகும், 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிக்கும் அதிகமானோர் தாங்கள் நம்பிக்கையாளர்கள் என்று அரசு ஊழியரின் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். மொத்த மக்கள்தொகையும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. இடையில் பெரும் பஞ்சம் நடந்திருந்தது. அரசு என்ன செய்தது? முடிவுகளை முடக்கியது, புள்ளியியல் அதிகாரிகளைக் கைது செய்தது, 1939-ல் புதிதாக எண்ணியது. ஒரே சம்பவத்தில் இரண்டும் தெரிகிறது: மனங்களை மாற்றுவதில் தோல்வி, தகவலை மறைப்பதில் முழு வெற்றி.

ஒரு நிறுவனத்தை எடுத்து அருகருகே வையுங்கள்

முழு ஆட்சியையும் முழு ஆட்சியோடு ஒப்பிட முயல்வது முதல் கட்டுரைக்கு ஆகாத காரியம். ஒரே ஒரு நிறுவனத்தை எடுங்கள். நான் இங்கே பயங்கரத்தை எடுக்கிறேன். எல்லாரும் போகும் வழிதான், ஆனால் சான்றுகள் நிறைய உண்டு.

சோவியத் பக்கம் 1937 ஜூலை 30 தேதியிட்ட 00447 எண் கொண்ட, ரகசியக் காவல்துறையை நடத்திய உள்துறை ஆணையத்தின் உத்தரவு. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இரண்டு எண்கள் ஒதுக்கப்பட்டன: முதல் வகையினரைச் சுட வேண்டும், இரண்டாம் வகையினரை முகாமுக்கு அனுப்ப வேண்டும். தொடக்க ஒதுக்கீட்டில் சுடப்பட வேண்டியவர்கள் மட்டும் சுமார் 76,000. வட்டார அதிகாரிகள் மேலும் மேலும் கேட்டார்கள்; மாஸ்கோ அனுமதித்தது. நான்கு மாதத்துக்கென்று தொடங்கியது 1938 நவம்பர் வரை ஓடியது. அந்த இரண்டு ஆண்டுகளில் அரசியல் குற்றச்சாட்டில் சுடப்பட்டவர்கள் சோவியத் ஆவணங்களின்படி மட்டுமே 6 லட்சத்து 81 ஆயிரத்துக்கு மேல். கட்சிக்காரர்களும் தப்பவில்லை. 1934 மாநாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட மத்தியக் குழுவின் உறுப்பினர்கள், மாற்று உறுப்பினர்கள் 139 பேரில் 98 பேர் கொல்லப்பட்டதாக ஸ்டாலினுக்குப் பின் வந்த தலைவர் குருஷேவ் 1956-ல் தன் மூடிய உரையில் சொன்னார்.

நாஜிப் பக்கம் கட்சிக்குள் இப்படி ஒரு சங்கிலி அழிப்பு இல்லை. 1934 ஜூன் இறுதியில் கட்சியின் துணைப்படைத் தலைவர் எர்ன்ஸ்ட் ரோம் முதலானவர்களைக் கொன்ற நிகழ்வு பெரியதுதான், ஆனால் அதன் அளவு வேறு. அங்கே பயங்கரம், இன வரையறையால் சமூகத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் மீது குவிந்தது: யூதர்கள், ரோமா மக்கள், மாற்றுத்திறனாளிகள், போலந்துக்காரர்கள், சோவியத் போர்க்கைதிகள். அரசியல் எதிரிகளான கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகவாதிகளும் முதலிலேயே அடிபட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்த சராசரி ஜெர்மானியருக்கு, 1937-ன் சோவியத் குடிமகனுக்கு இருந்த அளவு பயம் இருந்திருக்கத் தேவையில்லை.

இங்கே நாஜிகளின் ரகசியக் காவல்துறையான கெஸ்டாப்போ பற்றிய ஆய்வு உதவும். எங்கும் கண், எங்கும் காது என்பது நாம் கேட்ட கதை. ராபர்ட் கெல்லட்லி 1990-ல் வூர்ஸ்பர்க் கோப்புகளைப் பார்த்துவிட்டு, பல வழக்குகள் பொதுமக்கள் கொடுத்த புகாரில்தான் தொடங்கின என்று காட்டினார். பக்கத்து வீட்டுச் சண்டை, சொத்துத் தகராறு எல்லாம் அரசியல் புகாராக மாறின. பிறகு எரிக் ஜான்சன் கிரேஃபெல்ட் நகரக் கோப்புகளை வைத்து இதைத் திருத்தினார்: யூதர்களையும் கம்யூனிஸ்டுகளையும் வேட்டையாடுவதில் கெஸ்டாப்போ தானாகவே முனைப்பாக இருந்தது, மற்றவர்கள் விஷயத்தில் பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டது. இரண்டு நகரம், இரண்டு கோப்பறை, இரண்டு அழுத்தம். இந்தத் துறையில் முன்னேற்றம் இப்படித்தான் நடக்கிறது.

கண்காணிப்பையும் கொலையையும் ஒரே அளவுகோலில் போடக் கூடாது என்பதற்குக் கிழக்கு ஜெர்மனி நல்ல பாடம். 1989-ல் அதன் ரகசியக் காவல்துறையான ஸ்டாசியில் முழுநேர ஊழியர்கள் மட்டும் சுமார் 91,000 பேர். நாட்டின் மக்கள்தொகை ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேல். கெஸ்டாப்போ தன் உச்சத்தில்கூட சுமார் 30,000 பேரை ஒட்டித்தான் இருந்தது, அதைவிடப் பல மடங்கு மக்களை வைத்துக்கொண்டு. ஊழியர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஸ்டாசி பெரிய அரக்கன். செத்தவர்களை எண்ணினால் ஒப்பீடே நிற்காது. கிழக்கு ஜெர்மனியை மேரி ஃபுல்புரூக் மக்களும் பங்கெடுத்த சர்வாதிகாரம் என்றார். சங்கம், குழு, தெருப் பொறுப்பு என்று ஏராளமான சாதாரண மனிதர்கள் அதை இயக்கினார்கள்.

தலைவரைப் பற்றி ஒரு வேறுபாடு மட்டும். ஸ்டாலின் மேஜையில் உட்கார்ந்து பட்டியல் பட்டியலாகக் கையெழுத்திட்ட நிர்வாகி. அவர் இறந்த பின் கட்சி தொடர்ந்து ஆண்டது. ஹிட்லர் கோப்பு படிப்பதையே வெறுத்தவர். அவர் இல்லாமல் அந்த அமைப்பு நிற்பதை யாராலும் கற்பனை செய்ய முடியவில்லை.

இலக்கணத்தை உடைக்கும் மூன்றாவது நாட்டைக் கொண்டுவாருங்கள்

ஜெர்மனியும் ரஷ்யாவும் மட்டும் இருந்தால் உங்கள் வரையறை சௌகரியமாகத் தூங்கும். கம்போடியாவைக் கொண்டுவாருங்கள். 1975 ஏப்ரல் 17-ல் தலைநகர் நோம்பென்னுக்குள் நுழைந்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கிளர்ச்சிப் படை சில நாட்களில் நகரத்தையே காலி செய்தது. பணம், சந்தை, பள்ளி, கோயில் எல்லாவற்றையும் ஒழித்தது. 1979 ஜனவரிக்குள் 15 முதல் 20 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. ஆனால் ஆறு அம்சப் பட்டியலை வைத்துப் பாருங்கள். வெகுஜனக் கட்சி எங்கே? ஆள்வது கம்யூனிஸ்ட் கட்சி என்பதையே 1977 செப்டம்பர் வரை வெளியில் சொல்லவில்லை. மக்களுக்குத் தெரிந்ததெல்லாம் 'அங்கார்', அதாவது 'அமைப்பு'. தலைவர் வழிபாடு? ஆட்சித் தலைவர் போல் பாட் யார் என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. வானொலி ஒன்றைத் தவிர ஊடகமே கிட்டத்தட்ட இல்லை. ஆக, பட்டியலின்படி குறைமதிப்பெண் வாங்கும் ஆட்சிதான் மனித வாழ்க்கையை மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாகப் பிடித்திருந்தது. லின்ஸின் அளவுகளில் வைத்தால் பன்மை பூஜ்ஜியம், சித்தாந்தம் உச்சம். திரட்டல் என்பது கட்டாய உழைப்பாக மாறியிருந்தது. அரெண்டின் அளவுகோல் இன்னும் நன்றாக ஒத்துப்போகிறது.

அடுத்து மாவோவின் சீனா, அதிலும் 1966-க்குப் பின். 'தலைமையகத்தின் மீது குண்டு வீசுங்கள்' என்று ஆட்சித் தலைவரே சொன்ன நாடு அது. தாக்கப்பட்டது சொந்தக் கட்சியின் இயந்திரம். நாட்டின் குடியரசுத் தலைவர் லியூ ஷாவ்ச்சி பதவி பறிக்கப்பட்டு 1969-ல் காவலில் இறந்தார். ஒற்றைக் கட்சிதான் முற்றதிகாரத்தின் முதுகெலும்பு என்றால், முதுகெலும்பைத் தானே உடைத்த ஆட்சியை என்ன சொல்வது? ஒரு வரியில் விடை சொல்ல முடியாத கேள்வி. அதனால்தான் கேட்கத் தக்கது.

சான்றுகள்

1991-க்கு முன் சோவியத் ஆவணம் என்று மேற்கத்திய ஆய்வாளர் கையில் பெரிதாக இருந்தது ஸ்மோலென்ஸ்க் நகரக் கட்சி ஆவணக் காப்பகம். ஜெர்மானியர் 1941-ல் கைப்பற்றினார்கள், போர் முடிவில் அமெரிக்கர் கைக்குப் போனது. மெர்ல் ஃபெயின்சாட் அதே கோப்புகளைப் படித்து 1958-ல் மேலிருந்து கீழே இறுகப் பிடித்த ஆட்சியைக் கண்டார். ஆர்ச் கெட்டி 1985-ல் அந்தக் கோப்புகளையும் பயன்படுத்தி, மாஸ்கோ சொல்வதை வட்டாரங்கள் கேட்காத அலங்கோலத்தைக் கண்டார். காப்பகங்கள் திறந்த பின் ஒலெக் க்லெவ்னியுக் போன்றவர்கள், பயங்கரத்தின் முக்கிய முடிவுகள் ஸ்டாலினின் கையிலிருந்தே வந்தன என்று ஆவணங்களோடு காட்டினார்கள். சமூகத்தின் உள்ளே நடந்தவற்றைப் பற்றி ஷீலா ஃபிட்ஸ்பாட்ரிக் முதலானோர் எழுப்பிய கேள்விகளோ நிலைத்துவிட்டன.

நீங்கள் மொழிபெயர்ப்பில் படிப்பவராக இருந்தாலும் ஒன்றைச் செய்யலாம். இரு ஆட்சிகளுமே மக்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தங்களுக்காகவே ரகசிய அறிக்கைகள் தயாரித்தன. ஜெர்மனியில் எஸ்.எஸ். அமைப்பின் உளவுப் பிரிவு. சோவியத்தில் ரகசியக் காவல்துறை. இவற்றைப் படிக்கும்போது எழுதியவன் யாருக்காக எழுதினான் என்று பாருங்கள். எதிர்ப்பைக் கண்டுபிடிப்பதுதான் அவன் வேலை. ஆகவே எதிர்ப்பு மிகையாகத் தெரியலாம். மேலதிகாரியைச் சங்கடப்படுத்தவும் அவன் விரும்பமாட்டான். ஜெர்மனிக்குத் திருத்தமாக இன்னொரு பார்வை உண்டு: நாடுகடந்து இயங்கிய சமூக ஜனநாயகக் கட்சி, உள்ளிருந்து ரகசியமாக வந்த தகவல்களை வைத்துத் தயாரித்த அறிக்கைகள். எதிரெதிர்த் தரப்பு இரண்டும் ஒரே விஷயத்தைச் சொன்னால் நம்பலாம்.

வழுக்கும் இடங்கள்

ஒப்பிடுவது சமப்படுத்துவதாகாது. இதைச் சொல்லாமல் யாரும் இந்தத் துறையைப் பற்றி எழுதுவதில்லை. ஆனால் உண்மையில் வழுக்குவது வேறிடத்தில். 1986-ல் மேற்கு ஜெர்மனியில் வரலாற்றாய்வாளர்களுக்குள் பெரிய சண்டை நடந்தது. எர்ன்ஸ்ட் நோல்ட்டே, ஆஷ்விட்ஸ் என்ற நாஜி மரண முகாமுக்கு முன்பே குலாக் இருந்ததல்லவா, நாஜிக் கொலைகள் அதற்கான எதிர்வினையாக இருக்கலாமே என்ற தொனியில் எழுதினார். யூர்கன் ஹாபர்மாஸ் கடுமையாக மறுத்தார். நோல்ட்டே செய்த நழுவலைக் கவனியுங்கள்: ஒன்று முன்னால், மற்றது பின்னால் என்பதிலிருந்து, முன்னதால்தான் பின்னது என்பதற்குத் தாவினார். ஒப்பீடு காரணத்தை நிரூபிக்காது. அதற்குத் தனியாகச் சான்று வேண்டும்.

அடுத்தது எண்கள். 1997-ல் பிரான்சில் கம்யூனிச ஆட்சிகளின் குற்றங்களைத் தொகுத்து ஒரு பெரிய நூல் வந்தது. அதன் பதிப்பாசிரியர் ஸ்டெஃபான் கூர்ட்வா முன்னுரையில் பலிகளை 10 கோடிக்கு அருகில் கொண்டுபோனார். அதே நூலில் எழுதிய நிக்கோலா வெர்த், ழான்-லூயி மார்கோலன் இருவருமே அந்த முன்னுரையைப் பகிரங்கமாக மறுத்தார்கள். சுடப்பட்டவர், முகாமில் இறந்தவர், பஞ்சத்தில் இறந்தவர் ஆகியோரைத் தனித்தனியாக எழுதுங்கள். கூட்டி ஒரே எண்ணாக்கினால் அட்டைப்படத்துக்கு நன்றாக இருக்கும், விளக்கத்துக்கு உதவாது.

பனிப்போரையும் மறக்க வேண்டாம். 1947 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் உதவி கேட்டுப் பேசிய உரையிலேயே இந்தக் கருத்து வந்துவிட்டது. அதனால் 1960-களிலிருந்து பலர் இதை வெறும் பிரச்சாரக் கருவி என்று தள்ளினார்கள். எனக்கு அது அவசர முடிவாகத் தெரிகிறது. சோவியத் அணி நாடுகளுக்குள் வாழ்ந்த எதிர்ப்பாளர்கள், வாஷிங்டன் சொல்லிக்கொடுக்காமலே, தங்கள் அனுபவத்தைச் சொல்ல இதே கருத்தைத் தேடி எடுத்தார்கள்.

எழுதத் தொடங்கும்போது

முதல் முயற்சிக்கு இப்படி ஒரு கேள்வி போதும்: "1933 முதல் 1939 வரை ஜெர்மனியிலும் 1926 முதல் 1938 வரை இத்தாலியிலும் இளைஞர் அமைப்புகள் திருச்சபையின் இளைஞர் சங்கங்களை எதுவரை அகற்றின?" நாடு இரண்டு, நிறுவனம் ஒன்று, காலம் தெளிவு, நோக்கமும் எட்டலும் இரண்டும் உள்ளே. இத்தாலியில் கத்தோலிக்கச் செயல் இயக்கத்தின் இளைஞர் குழுக்கள் மீது 1931-ல் வந்த மோதலையும், ஜெர்மனியில் 1933 ஜூலையில் வத்திக்கானோடு செய்த உடன்பாட்டுக்குப் பிறகும் அந்தச் சங்கங்கள் படிப்படியாக நசுக்கப்பட்டதையும், 1936 டிசம்பரில் ஹிட்லர் இளைஞர் அமைப்பு பற்றி வந்த சட்டத்தையும் எடுத்துக்கொண்டாலே சில பக்கங்கள் நிறையும். 'முற்றதிகாரம்' என்பதை அந்தப் பக்கங்களில் கடைசிவரை எழுதாமல் இருந்து பாருங்கள். சான்றுகள் கேட்கும்போது மட்டும் உள்ளே விடுங்கள்.